கொஞ்சம் பார்த்துக்குங்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்தது. சினேகிதிக்கு நடந்தது, சினேகிதியின் மாமாவுக்கு நடந்தது என்று கை மாறி வந்த கதை இல்லை. ராத்திரியும் இல்லை, பட்டப்பகல். மத்தியானம் ஒன்று ஐந்துக்கு அந்த இடத்துக்குள் நுழைந்தேன். மூன்று இருபத்தைந்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் முப்பது பேர் இருந்தார்கள். நம்பாதவர்கள் நம்பாமலே படியுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனே என்று சந்தேகப்பட வேண்டாம். அதுதான் என் பிழைப்பு. படங்களுக்கு அடியில் ஓடுகிற சப்டைட்டில் எழுதுகிறவள் நான். யார் எந்த நொடியில் வாயைத் திறந்தார்கள், எந்த நொடியில் மூடினார்கள் என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டிருப்பேன். பழக்கம் விடுமா? வீட்டில் யாராவது தும்மினால்கூட மணி பார்ப்பேன். தங்கச்சி எனக்குக் ‘கடிகாரம்’ என்று பெயரே வைத்துவிட்டாள்.

தங்கச்சி குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். யானைக்குக் கோபம் வந்தால் காது எப்படி மடியும் என்பதை அவள் விரல்களைப் போல் வேறு யார் விரலும் வரைந்து நான் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஆபீஸ் கிடையாது. லேப்டாப் இருந்தால் போதும். அதனால் மூன்று மாதம் ஒரு ஊர், மூன்று மாதம் இன்னொரு ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவோம். “ரெண்டு பேர் காலுலயும் சக்கரமாடி கட்டி விட்டேன்?” என்று அம்மா போனில் கேட்பாள்.

ஊர் மாறினால் முதல் தலைவலி வீடு இல்லை. வேலை பார்க்க ஒரு நல்ல இடம். மேஜை, நாற்காலி, இன்டர்நெட் மூன்றையும் நாள் கணக்கில் வாடகைக்குத் தருகிற கோ-வொர்க்கிங் இடங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. போட்டோவில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நேரில் போனால்தான் வண்டவாளம் தெரியும். அந்த ஊரில் முதல் இடத்தில், பக்கத்து மேஜைக்காரர் தன் கம்பெனி உலகத்தையே மாற்றப்போகிற கதையைக் காலை முதல் சாயங்காலம் வரை போனில் கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது இடத்தில் அரை மணிக்கு ஒருமுறை இன்டர்நெட் செத்துப் பிழைத்தது. நான் நாய் படாத பாடு பட்டு மூன்றாவதாகக் கண்டுபிடித்ததுதான் இது. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி.

உள்ளே போனதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். நல்ல முதுகு வைத்த நாற்காலி. மேஜைக்கு மேஜை பிளக் பாயின்ட். பாத்ரூம் கதவில் உண்மையிலேயே வேலை செய்கிற தாழ்ப்பாள். கூடத்தின் கடைசியில், போன் பேசுவதற்கென்று ஒரு கண்ணாடி அறை. ஒரே ஒரு ஆள் உட்காரலாம். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூடக் கேட்காது.

கூட்டம் மட்டும் விசித்திரமாக இருந்தது. எல்லோரும் கூடத்தின் ஒரு பாதியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறு பாதியில், ஜன்னலோரம் நீளமான மேஜை ஒன்று. இருப்பதிலேயே நல்ல மேஜை. இன்டர்நெட் கேபிள்கூட அதில்தான் இருந்தது. அதில் ஒரே ஒருவர் இருந்தார்.

“அங்கே உட்காரலாமா?” என்று ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டேன்.

“உட்காரலாம் மேடம்... வெயில் அடிக்கும்.”

“அடிச்சா அடிக்கட்டும்.”

அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. நான் காத்திருக்கவில்லை. நல்ல இடத்தைக் கண்ட வேகம்.

1:20. முடித்த படத்தை அனுப்ப ஆரம்பித்தேன். பெரிய ஃபைல். கேபிளில் போட்டும் இரண்டு மணி இருபது நிமிஷம் ஆகும் என்று காட்டியது. நடுவில் கேபிளைப் பிடுங்கினால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேரவில்லை என்றால் எனக்கு அந்த வேலை இல்லை.

எதிரில் இருந்தவரை அப்போதுதான் கவனித்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். சாம்பல் நிற முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன் போட்டிருந்தார். முன்னால் லேப்டாப் இல்லை, போன் இல்லை, ஒரு காபிக் கோப்பைகூட இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். வேலையே செய்யாமல் வேலை செய்கிற இடத்துக்கு வருகிறவர்களும் உண்டு. பெரிய கம்பெனி முதலாளியாக இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுந்து பாத்ரூம் போக வேண்டும் என்றால், பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளிடம் ‘கொஞ்சம் பார்த்துக்குங்க’ என்று லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டுப் போவோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை நம்பி ஒரு குடையைக்கூட விட மாட்டோம். இங்கே நம் பிழைப்பு மொத்தத்தையும் பெயர்கூடத் தெரியாதவர் கையில் விட்டுவிட்டுப் போவோம். அவரும் தலையை ஆட்டுவார். ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை.

1:52. எழுந்தேன். “கொஞ்சம் பார்த்துக்குங்க” என்றேன்.

அவர் மெல்லத் தலையைத் தூக்கினார்.

“நீங்க வருவீங்கல்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரெண்டு நிமிஷம்ங்க. எங்க போயிடப் போறேன்?”

1:57. திரும்பி வந்தபோது என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு தாடிக்காரர் நின்றிருந்தார். வலது கையை டிஷ்யூவில் சுற்றிப் பிடித்திருந்தார். டிஷ்யூ முழுக்கச் சிவப்பு.

“ஏங்க, உங்க லேப்டாப் ஷாக் அடிக்குதுங்க” என்றார். 

“நீங்க ஏன் தொட்டீங்க?”

“சார்ஜர் போடலாம்னு... உங்க வயரை லேசா நகர்த்தினேன். அவ்வளவுதாங்க.”

எனக்கு வந்ததே கோபம். வயரை நகர்த்தினாராம்! நல்ல வேளை, ஃபைல் போய்க்கொண்டுதான் இருந்தது. நன்றாகத் திட்டி அனுப்பினேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் நகம் கிடந்தது. முழு நகம். அடியில் சதையோடு.

ஷாக் அடித்தால் நகம் பிடுங்கிக்கொண்டு வருமா?

எதிரில் இருந்தவர் அப்படியே இருந்தார். உள்ளங்கைகள் கவிழ்ந்திருந்தன. ஒரு சட்டைக் கையின் ஓரம் மட்டும் ஈரமாக இருந்தது. அவரிடம் ‘வந்துட்டேங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தத் தாடிக்காரர் மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லை. நகத்தை டிஷ்யூவில் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

2:16. தரை துடைக்கிறவர் வந்தார். எல்லா மேஜைகளின் அடியிலும் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கள் மேஜைக்கு ஒரு கை தூரத்தில் துடைப்பம் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

2:20. எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. ஒருவர் எத்தனை நொடிக்கு ஒருமுறை இமைக்கிறார் என்று எனக்கு எண்ணாமலே தெரியும். பத்து நொடி. இருபது. ஒரு நிமிஷம்...

2:58. முப்பத்தெட்டு நிமிஷம். அவர் ஒரு தடவைகூட இமைக்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்கவும் இல்லை.

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். கேபிளைப் பிடுங்கினால் வேலை போச்சு. மூன்றே காலுக்கு, எனக்கு வேலை தருகிற டீம் லீட் வீடியோ காலில் வருவதாகச் சொல்லியிருந்தார். பகல் வெயிலில், முப்பது பேர் நடுவில், பயம் என்று சொல்லவே வெட்கமாக இருந்தது. ஏதாவது கண் வியாதி இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3:10. போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தாடிக்காரர் தூரத்திலிருந்து என் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பயத்தைவிடக் கோபம்தான் முன்னால் வந்தது. அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

“கொஞ்சம் பார்த்துக்குங்க. யார் வந்தாலும் தொட விடாதீங்க.”

“யார் வந்தாலுமா?”

“யார் வந்தாலும்.”

“நீங்க வருவீங்கல்ல?”

“வந்துடுவேங்க.”

கண்ணாடி அறைக்குள் போனேன். கதவு சாத்திக்கொண்டது. உலகத்தின் சத்தம் மொத்தமும் நின்றது. போனைச் சுவரோரப் பலகையில் நிறுத்தி வைத்தேன். டீம் லீட் வந்தார். யார் என்ன திருத்தம் சொன்னார் என்று பிற்பாடு சண்டை வராமல் இருக்க, எங்கள் பேச்சு எல்லாவற்றையும் அவர் பதிவு செய்துவைப்பார். அன்றும் செய்தார்.

3:21. கூடத்துக்குள் தங்கச்சி வந்தாள்.

நான்கு மணிக்கு வருவதாகச் சொன்னவள். சீக்கிரம் வந்துவிட்டாள். கண்ணாடி வழியே என்னைக் கண்டுபிடித்து நாக்கைத் துருத்தினாள். நான் கையாட்டினேன். தோள் பையை இறக்கி வைத்தாள்.

என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஃபைல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, கீபோர்டில் வலது கையை வைத்தாள்.

எதிரில் இருந்தவர் எழுந்தார்.

3:22. லேப்டாப் மூடி அவள் விரல்கள் மேல் இறங்கியது.

அவள் வாய் திறந்தது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

மூடி மேலே போனது. மறுபடி இறங்கியது. மறுபடி. மறுபடி. அவர் தன் உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு அழுத்தினார். ஓரத்தில் ரத்தம் கசிந்து மேஜையில் ஓடியது.

நான் கதவைத் தள்ளினேன்.

திறக்கவில்லை.

அவர் மேஜையைத் தாண்டி வந்தார். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தார். முகத்தை மேஜை விளிம்பில் மோதினார். ஒன்று... இரண்டு... அவளுடைய பல் ஒன்று ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளைத்தான் பார்த்தார்கள். அவரை யாருமே பார்க்கவில்லை.

தாடிக்காரர் மட்டும் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தார். அடுத்த நொடி இரண்டு மேஜை தள்ளிப் போய் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

தோளால் இடித்தேன். வலது தோள். திரும்பத் திரும்ப இடித்தேன். கதவு கல் மாதிரி நின்றது.

“என்னம்மா ஆச்சு? ஹலோ? ஹலோ?” போனில் டீம் லீட்.

அவளைப் பிடித்திருந்தவருடைய சட்டைக் கை மேலேறியது. முழங்கை வரை வெட்டு. வரி வரியாக வெட்டு. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு...

அந்தக் கைகள் என் தங்கச்சியின் கழுத்துக்குப் போயின.

அவள் என்னைப் பார்த்தாள்.

கண்ணாடி வழியே... என்னையே பார்த்தாள்.

கதவு திறந்தது.

சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதியது. அவள் அலறல். நாற்காலி சரிகிற சத்தம். யாரோ “ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!” என்று கத்துகிறார்கள்.

ஓடினேன்.

“விடுடா! விடுடா அவளை!”

விடவில்லை. நாற்காலியைத் தூக்கி அவர் முதுகில் அடித்தேன். அது காற்றில் போய்த் தரையில் விழுந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். கை மட்டும் இருந்தது. ஜில்லென்று, ஈரமாக. என் விரல்கள் அந்த வெட்டுகளுக்குள் இறங்கின.

தங்கச்சியின் முகம் நீலமாகிவிட்டது.

என்ன நினைத்து அதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“வந்துட்டேன்! நான் வந்துட்டேன்! இது என் தங்கச்சி! நான் வந்துட்டேங்க!”

நின்றார்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு நேரமா?” என்றார்.

அடுத்த நொடி அவர் நாற்காலி காலியாக இருந்தது.

3:25.

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது கையில் மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டன. ஒன்றை எடுத்துவிட்டார்கள். இரண்டு பல், கன்னத்து எலும்பு. கழுத்தில் பத்து விரல்களின் தடம் இருந்தது. வலிப்பு வந்து தானாகவே முட்டிக்கொண்டாள் என்று கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். விலா எலும்பு உடைந்து பக்கத்து வார்டில் படுத்திருந்த தாடிக்காரர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. “என்னை யாரோ தூக்கி எறிஞ்சாங்கம்மா” என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நான்காவது நாள் ரிசப்ஷன் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். என் லேப்டாப்பைத் துடைத்து எடுத்து வந்திருந்தாள். அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், வாயில் வந்தபடி ஏசினேன். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி மேடம். லீவு நாள், உள்ள மூணே பேர்தான். ஒருத்தர் அந்த ஜன்னலோர மேஜையில இருந்த இவர்கிட்ட லேப்டாப்பைப் பார்த்துக்கச் சொல்லிட்டு போன் பேசப் போனார். திருட வந்தவன் கையில கத்தி. இவர் பேசாம விட்டிருக்கலாம். இவரோட லேப்டாப்கூட இல்ல அது. விடலை. ரெண்டு கையையும் விரிச்சு அது மேலயே கவுந்து படுத்துட்டார். அந்த மேஜையிலயே உயிர் போச்சு. கையில மட்டும் பதினேழு வெட்டு மேடம்.”

“பார்த்துக்கச் சொன்னவர் என்ன பண்ணினார்?”

“அந்தக் கண்ணாடி அறையிலதான் இருந்தார். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே நின்னார். கதவு திறக்கலைன்னு போலீஸ்ல சொன்னார்.”

“எனக்கும் திறக்கலைம்மா” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“மேடம்... அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. தாழ்ப்பாளும் கிடையாது. சும்மா காந்தம்தான். ஒரு விரலால தள்ளினா வெளிப்பக்கமா திறந்துக்கும்.”

பார்த்துக்கச் சொன்ன அந்த ஆள் தன் லேப்டாப்பை வாங்கிக்கொள்ளக்கூட அதற்குப் பிறகு வரவில்லையாம்.

நான் அவள் சொன்னதை நம்பவில்லை. தள்ளினேனே! என் வலது தோள் கன்றிப்போய் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது. ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. டாக்டரே பார்த்துவிட்டுக் களிம்பு கொடுத்தார். கதவில் அன்று அது ஏதோ செய்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன். தங்கச்சியிடமும் அப்படித்தான் சொன்னேன்.

பத்தொன்பது நாள் கழித்து டீம் லீட் ஒரு வீடியோ அனுப்பினார். அன்றைய காலின் பதிவு. கூடவே இரண்டு வரி எழுதியிருந்தார். ‘இதை அனுப்பலாமா வேண்டாமான்னு ரொம்ப யோசிச்சேன்மா. தனியா இருக்கும்போது பாரு.’

பார்த்தேன்.

3:22:51. நான் எழுந்திருக்கிறேன். போனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவுக்குப் போகிறேன். கண்ணாடிக்கு அப்பால், மங்கலாக, தங்கச்சி தானாகவே முன்னும் பின்னும் ஆடுகிறாள்.

என் இரண்டு கைகளும் கதவின் கைப்பிடியில் இருக்கின்றன.

தள்ளவில்லை.

இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உடம்பு பின்னால் சாய்ந்திருக்கிறது. வலது காலைச் சட்டத்தில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். வெளியிலிருந்து யாரும் திறந்துவிடக் கூடாது என்பது போல. தோள் கதவில் ஒரு தடவைகூடப் படவில்லை.

3:24:43-க்குக் கையை விடுகிறேன். கதவு தானாகத் திறந்துகொள்கிறது.

ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு நொடி.

இதில் ஒரு நொடிகூட எனக்கு நினைவில்லை. சத்தியமாக இல்லை. தள்ளியதுதான் நினைவில் இருக்கிறது.

தங்கச்சி இப்போது இடது கையால் வரையப் பழகுகிறாள். கோடு இன்னும் நேராக வரவில்லை. போன வாரம் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அக்கா... அன்னைக்கு நான் உன்னைப் பார்த்தேன்ல. நீ அந்தக் கதவை என்னடி பண்ணிக்கிட்டு இருந்த?”

“தள்ளிக்கிட்டு இருந்தேன்டி” என்றேன்.

அவள் வரைவதை நிறுத்தினாள். என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சரி” என்றாள்.